குறைந்த பதினைந்து குதிரைகள்

எங்கள் காருக்கு இரண்டு எண்கள். பின்பக்க மூடியின் வலது ஓரத்தில், வெள்ளிப் பூச்சோடு பெரிதாக 1.5 என்று இருக்கும். முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த சாலைவரி வில்லையில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக 1298 என்று இருந்தது. பின்னால் இருந்ததை ஊரே பார்த்தது. முன்னால் இருந்ததைக் கண்ணாடி துடைக்கிற நான் மட்டும்தான் பார்த்தேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். துடைப்பது என் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். மலாய் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். கார் வந்த முதல் மாதமே அந்த 1298 என் கண்ணில் பட்டுவிட்டது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "அது என்ஜின் அளவும்மா. ஆயிரத்து முந்நூறு. அப்படின்னா ஒன் பாயிண்ட் த்ரீ" என்றான். பிறகு அவனே பின்பக்கம் போய் நின்று, அந்த 1.5-ஐப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தான். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

இது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது. கார் இன்னும் செமோரில் எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில்தான் நிற்கிறது. இந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தபோதுதான் அந்த இரண்டு எண்களையும் பற்றி நாங்கள் மூவரும் வாய் திறந்தோம். என் முட்டி தேய்ந்து போனதால் திறக்க வேண்டி வந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற வேலை. நான் பால்மரம் வெட்டுகிறவர் மகள். அவர் என்னைக் கட்டியதே பெரிய காரியம் என்று அவருடைய அக்கா சொல்வார், நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு மரம் வெட்டினவர்களெல்லாம் என்னைக் 'கிராணியம்மா' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குள் என்னை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அது அப்படியே பழகிவிட்டது.

பக்கத்து வீட்டில் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் இருந்தார். அவர் புதிதாக ஒரு கார் வாங்கினார், நம் நாட்டிலேயே செய்தது, நான்கு கதவு, 1.5. அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் என்ஜின் பேச்சுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னையும் மகனையும் ஈப்போவில் ஒரு சீனர் வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரே மாதிரி மூன்று கார்கள் நின்றன. ஓட்டி வைத்திருந்தவர்கள் விற்றவை. உருவம் ஒன்று, உட்கார்ந்து பார்த்தால் சீட்டும் ஒன்று. பொனட்டுக்குள்தான் வேறுபாடு என்று அவர் மகனுக்கு விளக்கினார்.

"1.3னா எழுவத்தஞ்சு குதிர. 1.5னா தொண்ணூறு. அந்தக் கடைசியில நிக்குதே 1.6, அது நூத்துப் பத்துக்கும் மேல. அது நமக்கெதுக்கு, ரேஸா ஓட்டப் போறோம்?"

"குதிரயெல்லாம் எங்கப்பா இருக்கும்?"

"உள்ள கட்டிப் போட்டிருப்பாங்க. சாவி போட்டாத்தான் எந்திரிக்கும்."

மகன் சிரித்தான். எனக்கு அந்தக் குதிரைகளின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. இருட்டில், தகரத்துக்குக் கீழே, தொண்ணூறு பேர்.

அடுத்த வாரம் அவர் தனியாகப் போய் மெரூன் நிறத்துக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். "1.5தான்" என்று கண்டக்டர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். நானும் பின்பக்கம் பார்த்தேன். 1.5 பளபளவென்று இருந்தது.

ஆகவே 1298-ஐப் பார்த்தபோது நான் நினைத்தது ஒன்றுதான். கடைக்காரர் இவரை ஏமாற்றிவிட்டார். படித்த மனிதரை, கிராணியை, எண் மாற்றி ஏமாற்றிவிட்டார்கள். இதை நான் போய்ச் சொன்னால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? ஆறாம் வகுப்புக்காரி கண்டுபிடித்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகிவிடாதா? சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வில்லை இருந்த மூலையைக் கொஞ்சம் அவசரமாகத் துடைப்பேன்.

இனி மலை.

தோட்டத்துக் கல்லறை ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. செம்மண் சடக்குப் பாதை, மூன்று வளைவு, இரண்டாவது வளைவில் ஒரு மதகு. மேலே எங்கள் முதல் குழந்தை இருக்கிறாள். பதினொரு மாதம் இருந்தாள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக லோரி கிடைத்தபோது நேரம் கடந்திருந்தது. காரெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை.

கல்லறைத் திருநாளன்று ஃபாதர் மேலே வந்து மந்திரிப்பார். அதற்கு முன்னால் தோட்டத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். இறந்த வரிசைப்படி ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் கல்லறை அருகில் நின்று மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். என் மகள் பெயர் நான்காவது.

கார் வாங்கிய வருஷம், காரில் ஐந்து பேர் போனோம். அவர், நான், மகன், அவருடைய அக்கா, அத்தான். முந்தின நாள் மழை. முதல் வளைவில் கார் முக்கியது, நின்றது, மெதுவாகப் பின்னால் உருண்டது. எங்களுக்குப் பின்னால் கண்டக்டர் கார் ஹார்ன் அடித்தது. என் வீட்டுக்காரர் இழுப்பு கூடட்டும் என்று ஏர்கோன் குளிர்காற்றை அடைத்துவிட்டு மறுபடி முயன்றார். நகரவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு.

"நீ எறங்கு" என்றார், என்னைப் பார்த்து.

நான் இறங்கினேன். அப்போது கண்டக்டரின் மனைவி, கண்டக்டர் வீட்டு அக்கா, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்னா கிராணியம்மா, எறங்கிட்டீங்க? காடி ஏறலையா?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். "இல்லக்கா, அவளுக்கு வேண்டுதல். புள்ளைக்காக நடந்துதான் வருவேன்னு நேந்துக்கிட்டா."

கண்டக்டர் வீட்டு அக்காவின் முகம் மாறியது. கையெடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கார் என்னை விட்டுவிட்டு மேலே ஏறியது. நான் நடந்தேன். மதகு அருகே வரும்போது ஒலிபெருக்கியில் நான்காவது பெயர் கேட்டது. ஐந்தாவது. ஆறாவது.

அப்படியே அடுத்த வருஷமும். அதற்கடுத்த வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல்தான். கீழே கார் நிற்கும், அவர் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறப்பார், நான் இறங்குவேன். அந்தக் கதவு வாங்கிய இரண்டாம் வருஷமே உள்ளிருந்து திறக்காது என்று ஆகிவிட்டது. கைப்பிடி உடைந்து போனது. "பார்ட்ஸ் கெடைக்கல" என்று சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாசா என்கிற சந்தையோ, கோயிலோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அவர் வந்து திறக்கும் வரை நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை மருந்துக் கடைக்குப் போனவர் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். சாவியும் அவரோடு. வெயிலில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். கையை வெளியே விட்டுத் திறந்திருக்கலாம். வெளிக் கைப்பிடி எட்டும் தூரம்தான். ஆனால் அது ஏதோ ஜன்னல் வழியாகத் தப்பிக்கிற மாதிரி இருக்குமே என்று கூசியது. கண்டக்டர் வீட்டு அக்கா மட்டும், "ஒங்க வீட்டுக்காரரு மாதிரி கதவு தொறந்து விட ஆளு வேணுமே. எங்க வீட்டுல நான் எறங்குறதுக்குள்ள காடி கெளம்பிரும்" என்பார்.

வேண்டுதலின் பேரில் எனக்கு மரியாதை கூடியது. ஒரு ஃபாதர் பிரசங்கத்திலேயே சொன்னார், நம்மிடையே ஒரு தாய் இருக்கிறார் என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் செய்யாத நேர்த்தி அது. ஒருமுறை துணிந்து பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

"நான் வேண்டிக்கிட்டதா எல்லாரும் நெனைக்கிறாங்க சாமி. நான் வேண்டிக்கவே இல்ல."

"ஆனா நடந்தீங்க?"

"நடந்தேன்."

"பிள்ளைய நெனச்சுக்கிட்டு நடந்தீங்களா?"

"ஆமா சாமி."

"அப்புறம் என்னம்மா?" என்று மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வழியும் அடைபட்டது.

ஒரு தடவை, கொஞ்சம் முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்று கேட்டேன். பெயர் வாசிக்கும் முன் மேலே சேர்ந்துவிடலாம் என்றுதான். "முன்னாடியே போயி அங்க என்னா பண்றது? எல்லாரும் வர்ற நேரத்துக்குத்தான் போகணும்" என்றார். எல்லோரும் வருகிற நேரத்துக்குப் போய், எல்லோரும் பார்க்க நடந்தேன். வேறு யார் காரிலாவது ஏறிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். யார் ஏற்றுவார்கள்? வேண்டுதல்காரியை வழியில் ஏற்றிக்கொண்டால் அந்தப் பாவம் ஏற்றினவர்களுக்கு அல்லவா? என்னைக் கடக்கும்போது எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகும்.

நடக்கும்போது கணக்குப் போடுவேன். தொண்ணூறில் எழுபத்தைந்து போனால் பதினைந்து. குறைந்த பதினைந்து குதிரைகளுக்குப் பதிலாக நான் நடக்கிறேன்.

பிறகு தோட்டம் மூடியது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். எல்லோரும் ஈப்போ, செமோர், கமுந்திங் என்று பிரிந்தோம். அவருடைய அக்காவும் அத்தானும் அதே மலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எல்லோரும் மலையடிவாரத்தில் சேர்ந்துகொள்கிறோம். நான் மட்டும் அதே இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஃபாதர் அடுத்த தோட்டத்துக் கல்லறைக்குப் போயிருந்தார். மழைத் தூறலில் மெழுகுவர்த்திகள் பாதி அணைந்திருந்தன. இந்த வருஷம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பும் எலும்பும் உரசுகிறது, படிகூட ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"நீ வீட்லயே இரு. ஒனக்கும் சேத்து நான் ஏத்திட்டு வாரேன்" என்றார் அவர்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. இன்னும் எத்தனை கல்லறைத் திருநாள் பார்ப்பேன் என்று தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெயரை வாசிக்கும்போது அங்கே நிற்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அதை அவரிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் சோறு போடும்போது கேட்டேன்.

"நானும் காடியிலயே மேல வந்தா என்னாங்க?"

அவர் கை நின்றது. "வேண்டுதல்காரிய காடியில ஏத்திக்கிட்டுப் போனா பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?" பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏறவும் ஏறாது" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயால் அது வந்தது.

அந்த வாரம் மகன் போன் பண்ணினான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ம்மா, அது 1.3ம்மா. ஒங்களுக்குத்தான் தெரியுமே. வேற என்ஜின் போட்டுக்கலாம் லா. ஹாஃப்கட்டுன்னு ஜப்பான்லேர்ந்து பழைய காடிங்கள பாதியா வெட்டி அனுப்புவாங்க, அதுலேர்ந்து கழட்டி மாட்டுறது. 1.6, 1.8 எல்லாம் கெடைக்கும். நான் பாத்துக்கிறேன். அப்பாவ வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1.8 என்ற சொல் அவரை எழுப்பிவிட்டது. சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அதே வொர்க்‌ஷாப். பழைய முதலாளி இறந்துவிட்டார், அவருடைய மகன்தான் இப்போது முதலாளி. எங்களோடு மலாயில்தான் பேசுவார். நடுவில் தமிழும் வரும். பொனட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, காரின் அடியில் படுத்துத் துருவைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"வேணாம் லா, அங்கிள். என்ஜின் மாத்தலாம், ஆனா பாடி தாங்காது. கீழ எல்லாம் கராட், துரு. 1.8 போட்டா என்ஜின் முன்னால போகும், காடி பின்னால நிக்கும்." தானே சிரித்தார். "அப்புறம் மாத்துனத பதியணும், இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டு போகணும். அதெல்லாம் எதுக்கு? இந்த 1.3 நல்ல என்ஜின்."

"1.5" என்றார் என் வீட்டுக்காரர். பழக்கத்தில் வந்துவிட்டது.

முதலாளி அவரைப் பார்த்தார். "அய்யோ அங்கிள். மறந்துட்டீங்களா? அந்த நம்பர நான்தான ஒட்டினேன். நீங்க வந்து கேட்டீங்க, எங்கப்பா சிரிச்சாரு, 'ஒட்டிக் குடு, எண்ணெ கொஞ்சமாத்தான் குடிக்கும், பேரு பெருசா இருக்கும்'னு சொன்னாரு. அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல."

கொட்டகையில் எங்கேயோ காற்றடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் தரையைத்தான் பார்த்தேன். எண்ணெய்க் கறை ஒன்று ஆப்பிரிக்கா தேசம் மாதிரி இருந்தது. ஏமாந்தவர் என்று நினைத்து இத்தனை வருஷம் யாரை நான் பாதுகாத்தேன்?

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "எந்த மலை, ஆண்ட்டி? எத்தன பேரு போறீங்க?"

"கல்லறைக்கு. ரெண்டு பேருதான்" என்றேன்.

"ரெண்டே பேரா? அப்ப என்னா கவல? ஏறும் லா. ஏர்கோன் அடைச்சிருங்க. கீழ இருந்தே ஃபர்ஸ்ட் கியர். நடுவுல மட்டும் நிக்கக் கூடாது."

ரெண்டே பேர். மகன் போன பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர்தான். பத்து வருஷமாக. அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. பதினைந்து குதிரை குறைவு என்று கழித்துக்கொண்டே இருந்தவள், காரிலிருந்து மூன்று பேர் இறங்கிப் போய்விட்டதைக் கழிக்க மறந்துவிட்டேன். அவர் மறந்திருப்பாரா?

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சிக்னலுக்குச் சிக்னல் கார்கள் ஒட்டி நின்றன. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. இரண்டு பேர் மூச்சும் கண்ணாடியில் படிந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"வாங்குன மாசத்துலேர்ந்து."

துடைப்பான் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாமே."

என் பக்கத்துக் கதவின் உடைந்த கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சுற்றி வந்து கதவைத் திறந்தார். அதற்கு மேல் அந்த வாரம் நாங்கள் இதைப் பேசவில்லை. திருநாளன்று காலையில் நான் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவர் பார்த்தார். வீட்டில் இரு என்று சொல்லவில்லை. மேலே வரலாம் என்றும் சொல்லவில்லை.

மலையடிவாரத்தில் எப்போதும் போலக் கூட்டம். வானம் தாழ்ந்து இறங்கியிருந்தது. கண்டக்டர் வீட்டு அக்கா, கண்டக்டர் இப்போது உயிரோடு இல்லை, தன் மகனுடைய நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். எங்கள் கார் வழக்கமான இடத்தில் நின்றது. அவர் ஹேண்ட்பிரேக் போட்டார். இறங்கினார். சுற்றி வந்தார். என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் தானாக இறங்குகிற மாதிரி இருபத்தெட்டு வருஷப் பழக்கம். என் இடது கால் கொஞ்சம் அசைந்தும் விட்டது. முட்டியில் சுருக்கென்றது. பிறகு நான் கையை நீட்டிக் கதவைப் பிடித்து, அவர் கையிலிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பழைய கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா கிராணியம்மா?" கண்டக்டர் வீட்டு அக்கா கிட்டே வந்தார். "நடக்கலையா?"

"அவளுக்கு முட்டி வலிக்குதுக்கா" என்று என் வீட்டுக்காரர் வெளியே நின்றபடி ஆரம்பித்தார். "அதான் ஃபாதர்கிட்ட கேட்டு, வேண்டுதல..."

இன்னொரு கதை கட்டப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது முடிவதற்குள் கண்ணாடியை இறக்கினேன்.

"வேண்டுதல் இல்லக்கா. எப்பவும் இல்ல. இது 1.3. ஆளு ஏத்துனா ஏறாது. அதான் நடந்தேன்."

இவ்வளவு நீளமாக நான் அக்காவிடம் ஒரே மூச்சில் பேசியதே இல்லை. காது சுட்டது. அக்கா என்னைப் பார்த்தார், காருக்குப் பின்னால் போய் அந்த எண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நான் ஒங்களப் பாத்து வருஷா வருஷம் சிலுவ போட்டுக்கிட்டேனே, கிராணியம்மா!"

யாரோ சிரித்தார்கள். நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப இப்ப ஏறுமா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

"மொதல்ல நீங்க போங்க, கிராணி. நாங்க பின்னால வாரோம். பின்னால உருண்டா எங்க காடி தாங்கும்."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஏர்கோன" என்று மட்டும் சொன்னார். அந்தப் பொத்தானை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டு, அடைத்தேன்.

முதல் கியர். கார் கத்திக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவில் டயர் வழுக்கியது, நான் கண்ணை மூடினேன், பிடித்துக்கொண்டது. தூறல் போட்டதால் கண்ணாடிகளை ஏற்றினோம், ஏற்றியதும் உள்ளே பனி மூடிவிட்டது. அவருக்கு வழி தெரியவில்லை. "தொடை, தொடை" என்றார். கதவுப் பையிலிருந்து சனிக்கிழமைத் துணியை எடுத்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். வில்லை ஒட்டியிருந்த மூலையில் பசை இன்னும் அழுக்காக வட்டம் போட்டிருந்தது. இப்போது வில்லை வேண்டாம், போனிலேயே காட்டலாம் என்று சட்டம் வந்த அன்றே அவர் அதைப் பிய்த்துப் போட்டிருந்தார். மதகு வந்தது. என்ஜின் சத்தம் தாழ்ந்தது. நிற்கப் போகிறது என்று நினைத்தேன். அவர் தலையை முன்னால் நீட்டி, உடம்பால் காரைத் தள்ளுகிறவர் போல ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். நானும் என்னை அறியாமல் டேஷ்போர்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தும் எழுந்து நின்று இழுத்தன என்றுதான் நினைக்கிறேன். எத்தனை வருஷத்துக் குதிரைகள், இப்போது அத்தனையும் உயிரோடு இருக்குமோ என்னவோ.

மேலே சமதளம் வந்ததும் பொனட்டிலிருந்து புகை கிளம்பியது. அவர் இறங்கி ஓடினார். கல்லறையைக் கழுவ நாங்கள் கொண்டுவந்த தண்ணீர் போத்தல் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்காகக் காரையே முறைத்தபடி நின்றார். நான் உள்ளே இருந்தேன். கதவு திறக்காது. ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். முதல் பெயர் வந்தது.

"என்னாங்க!" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது பெயர். கண்ணாடியை இறக்கினேன். கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைப் பிடித்து, திறந்தேன். நான் நினைத்த அளவுக்கு அது ஒன்றும் பார்க்கச் சங்கடமாக இல்லை. கார் கூரையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அங்கிருந்து பதினோரு பன்னிரண்டு எட்டுதான். மூன்றாவது பெயர் வாசிக்கும்போது கல்லறை அருகில் வந்துவிட்டேன். குனிய முடியவில்லை. நின்றபடியே கையிலிருந்த கார்த்துணியால் மேல்கல்லைத் துடைத்தேன். ஈரத்தில் செம்மண் இழுகியது. மெழுகுவர்த்தி என் கையில் இருந்தது, தீப்பெட்டி அவர் பையில்.

நான்காவது பெயரை வாசித்தார்கள்.

இவ்வளவு கிட்டத்தில், காற்றில் கலையாமல், முழுசாக அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அவர் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர். பக்கத்துக் கல்லறையில் நின்றவர்கள் தங்கள் மெழுகுவர்த்தியை நீட்டினார்கள், நான் என்னுடையதை அதில் பற்றவைத்தேன். ஐந்தாவது பெயர் வருவதற்குள் அவரும் பின்னால் வந்து நின்றுவிட்டார். கையில் காலிப் போத்தல்கள்.

இறங்கும்போது மழை பெரிதாகிவிட்டது. அக்கா தன் மகனுடைய வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்வதற்குள் என் வீட்டுக்காரரே, "எறங்குறதுக்கு ரெண்டு பேரு கனம் ஒண்ணும் இல்லக்கா" என்றார். சுற்றி வந்து என்னை ஏற்றி, கதவைச் சாத்தினார். செமோர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். சாப்பாடு வேண்டும், மருந்து எங்கே, அவ்வளவுதான்.

நேற்று சனிக்கிழமை. குழாயில் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தபோது அந்த 1.5 அங்கே இல்லை. கத்தியால் நெம்பியிருக்கிறார், ஓரத்தில் கீறல். ஆனால் இத்தனை வருஷ வெயில் படாத இடமாதலால், அந்த எண் இருந்த இடத்தில் மட்டும் மெரூன் நிறம் புதுசு போல இருக்கிறது. 1.5 என்று தெளிவாக வாசிக்கலாம். நன்றாக அழுத்தித் துடைத்தேன். பிறகு முன்பக்கம் போய், வில்லை ஒட்டியிருந்த மூலையை அவசரப்படாமல் துடைத்தேன்.